டாக்டர் துரைக்கு நாம் கொடுத்த விருந்து

என் பிரியத்துக்குரிய யேசுவடியான்,

சுகமாக இருக்கிறீரா என்று கேட்கத்தான் கை போகிறது. நீர் இருக்கிற இடத்தில் இவ்வளவு குளிர் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை விட்டுப் பத்து நாளாகிறது. பள்ளிவாசல் எஸ்டேட்டில் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். பாறை வெடிக்கிற சத்தம் நம் லைன் வீடுகள் வரைக்கும் கேட்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் உம் அன்னம்மாள் "யேசுவே" என்கிறாள், என் கோமதி "முருகா" என்கிறாள்.

நேற்றுத் தபாலில் டாக்டர் துரையிடமிருந்து கடிதம் வந்தது. சீமைக்குப் போய் ஆறு வருஷமாகியும் அந்த மனுஷர் நம்மை மறக்கவில்லை. கடைசி வரியில், பட்லர் யேசுவடியான் எப்படி இருக்கிறார், அவரை அன்று நாற்காலியில் உட்கார வைக்க நான் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி என் மனைவி இன்னும் சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறார். நீர் போன சேதி அவருக்குத் தெரியாது. நான்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் உம்மோடு கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

நம் இரண்டு பேருடைய இங்கிலீஷையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள். நான் எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர். படிக்கவும் எழுதவும் வரும், பேசிக் கேட்டது குறைவு. உமக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பெரிய துரை பங்களாவில் இருபது வருஷம் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டதெல்லாம் உம் காதில் அப்படியே இருந்தது. அது எவ்வளவு பெரிய படிப்பு என்று டாக்டர் துரை விருந்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் துரை வேலை முடிந்து ஊருக்குப் போகிறார் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. விஷக்காய்ச்சல் வந்த வருஷம் லைன் வீடுகளில் குனிந்து நுழைந்து, தரையில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர். கோமதி இன்று முருகா என்று சொல்ல உயிரோடு இருப்பதே அவரால்தான். அப்படிப்பட்டவருக்கு ஒரு மாலையைப் போட்டு, வாழ்த்துப்பத்திரம் வாசித்து, வாசலோடு அனுப்பிவிடுவதா? பள்ளிக்கூடத்து ஹாலில் மேசை போட்டு, அவரையும் அவர் மேடத்தையும் உட்கார வைத்து, நாமும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஹாலுக்குப் பெரிய துரையின் அனுமதி வேண்டும். அதற்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வேண்டும்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். விருந்து வைக்கிறோம் என்பதை எப்படிச் சொல்வது? 'கீப்' என்று எழுதி உம்மிடம் வாசித்துக் காட்டினேன். நீர் கையிலிருந்த காப்பியைச் சிந்திவிட்டுச் சிரித்தீர்.

"கீப்புன்னா அலமாரில எடுத்து வைக்கதுவே. அவ்வோ வந்து பூட்டைத் தொறந்து சாப்பிடணுமா?"

அடுத்த தாளில் 'ஹோல்ட்' என்று எழுதினேன். அகராதியில் கூட்டம் நடத்துவதற்கு அந்தச் சொல்தான் போட்டிருந்தது.

"தப்புன்னு சொல்லமாட்டேன். பேப்பர்ல அப்படிப் போடுவாவளோ என்னவோ. ஆனா பங்களால 'ஹோல்ட் தி டின்னர்'னு எங்க மேடம் சொன்னா, தொரை இன்னும் கிளப்புல இருந்து வரல, அடுப்பைத் தணிச்சுப் போட்டுக் காத்திருன்னு அர்த்தம். நம்ம சோறு ஆறிப் போகும்வே."

'மேக்' என்றேன். "அது சமையக்காரன் செய்யது" என்றீர். அப்போது ஆபீஸில் பக்கத்து மேசையில் இருந்த ஹெட் கிளார்க் மேனோன் தலையைத் தூக்கினார். 'சர்வ்' என்று எழுது சண்முகவேலே, தாழ்மையுடன் ஒரு விருந்து பரிமாற அனுமதி கேட்கிறோம் என்று எழுது, அதுதான் மரியாதை என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. பேனாவை மையில் தொட்டுவிட்டேன்.

உம் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"சர்வ்ங்கது நான் தெனமும் செய்ய வேலை. தட்டைத் தூக்கிட்டு நிக்கது. பெரிய தொரை விருந்து வச்சா மேடம் என்ன சொல்லுவா தெரியுமா? 'வீ ஆர் கிவ்விங் எ டின்னர்'. கொடுக்கவன் ஒக்காந்திருப்பான். பரிமாறுதவன் நிப்பான். நீரு ஒக்காரப் போறீரா, நிக்கப் போறீரா? அதை மொதல்ல முடிவு பண்ணும்."

மேனோனுக்குப் பதற்றத்தில் மலையாளம் கலந்துவிட்டது. "அய்யய்யோ, அது வேண்டாம் கேட்டோ! கிவ்னு எழுதினா நம்மளும் அவருக்கு சமம்னு ஆகும். பெரிய தொரைக்குக் கோபம் வந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ! 'கிவ்' என்றே எழுதினேன். கீழே விருந்து கொடுக்கிறவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினேன். தொழிற்சாலை டீ மேக்கர், கம்பவுண்டர், வாத்தியார், நான். நீர் புறப்பட்டுப் போன பிறகு உம் பெயரையும் எழுதினேன்.

அதைச் சொன்னபோது உமக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. "எம்பேரை யாரைக் கேட்டுப் போட்டீரு? பங்களா வேலை போனா எம்புள்ளையை யாரு படிக்க வைப்பா?" என்று கேட்டீர். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்காமல் எழுதியது தப்புதான். கேட்டிருந்தால் நீர் விட்டிருக்கமாட்டீர் என்பதும் நிஜம்தானே?

பெரிய துரையிடம் நானே கொண்டுபோனேன். அவர் விரல் 'கிவ்விங்' மேல் ஒரு தடவை நின்றது. பிறகு கீழே இறங்கிக் கடைசிப் பெயரில் நின்றது.

"இது என் பட்லர் அல்லவா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஆமாம் சார்."

"பரிமாறுவதற்கா?"

"இல்லை சார். விருந்து கொடுப்பவர்களில் அவரும் ஒருவர்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலை உதிர்த்தார். "அப்படியானால் அன்றைக்கு என் விஸ்கியை நானே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து மேனோனிடம் தாளை நீட்டினேன். அவர் அந்தக் கையெழுத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "என்றால் என் பேரும் சேர்த்துக்கோ" என்றார்!

அன்னம்மாளும் கோமதியும் சேர்ந்து சமைத்தார்கள். இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, ஆட்டுக்கறிக் குழம்பு. சூப்பு இல்லாமல் என்ன டின்னர் என்று நீர் முனகினீர். பங்களாவிலிருந்து ஒரு கரண்டி கூட வரக் கூடாது என்று அன்னம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் வாழை இலைதான்.

நீர் உட்கார்ந்தால்தானே! டம்ளரில் தண்ணீர் குறைந்தது என்று ஒரு தரம் எழுந்தீர். மேடத்தின் இலையில் குழம்பு தீர்ந்தது என்று இன்னொரு தரம் எழுந்தீர். மூன்றாவது தரம் டாக்டர் துரை உம் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, "சிட் டவுன், யேசுவடியான்! விருந்து கொடுக்கிறவர் ஓடிக்கொண்டிருந்தால் விருந்தாளி எப்படிச் சாப்பிடுவது?" என்றார். ஹாலே சிரித்தது. மேடம் இடியாப்பத் தட்டை எடுத்து உம் பக்கம் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர். உம் வலப்பக்கத்தில் இருந்தவன் நான்தான்.

அப்போது என் காதோரம் சொன்னீரே: "இத்தன வருசமா நாற்காலிக்குப் பின்னால நின்னே பாத்திருக்கேன்வே. முன்னால இருந்து பாத்தா மேசை வேற மாதிரி இருக்கு."

பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் பங்களாவுக்குப் போனீர். "விருந்து எப்படி?" என்று பெரிய துரை கேட்டாராம். "சொதி நல்லா இருந்தது சார்" என்றீராம். அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் உமக்கு நெஞ்சில் சளி கட்டியபோது டாக்டர் துரை இங்கே இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அதை அவருக்கு எழுதவில்லை, எழுதினால் மனம் கஷ்டப்படுவார். இன்று காலையில் நாலே வரியில் பதில் எழுதினேன். நீர் வலியில்லாமல் போனீர், தேயிலைச் சரிவில் மலையைப் பார்த்தபடி உம்மை வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். சொல் தேடித் திணறியபோது, சரியா தப்பா என்று கேட்க நீர் இல்லையே என்றுதான் கண் நிறைந்தது. கோமதி பார்த்துவிட்டு, "எழுதும், அவ்வோளுக்குப் புரியும்" என்றாள்.

இனி நல்ல சேதி. உம் மகள் எஸ்தர் டீச்சர் ட்ரெய்னிங் முடித்துவிட்டாள். தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை போடியில் வாத்தியார், பொறுமைசாலி. எஸ்தர் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் முன்னால் வந்து நின்று, "மாமா, கோயில்ல அப்பா இருந்து செய்ய வேண்டியதை நீங்கதான் செய்யணும்" என்றாள். நான் சர்ச்சுப் போதகரிடம் போய், நெற்றியில் விபூதியோடு வரலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளைக்குச் சம்மதம்னா எனக்கென்ன ஐயா, வாங்க" என்றார்.

ஆகவே, யேசுவடியான், இதை உம்மிடம் சொல்லிவைக்கிறேன். அன்று காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நிற்பேன். எஸ்தரின் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் மெள்ள நடத்திக்கொண்டு போவேன். அழமாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. வழியில் இடறமாட்டேன், அது சத்தியம்.

இப்படிக்கு,
எஸ்தரின் மாமன்
சண்முகவேல்