அருளம்மா அக்காவின் மன்றாட்டு

இன்று காலை எங்கள் வைட்ஃபீல்ட் குடியிருப்பின் வாசலில் இஸ்திரிக்காரர் யாருடைய சட்டையையோ தீய்த்துவிட்டார். கருகிய துணி வாடை மூக்கில் ஏறியதும், மளிகைப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். அருளம்மா அக்காவின் தையல் கடை எரிந்த மறுநாள் நீயும் நானும் அதே வாடையில்தான் நின்றோம். காவிரிக் கலவரம் அடங்கிய டிசம்பர் அது. நான் அழுதுகொண்டிருந்தேன். நீ குனிந்து, கரி பிடித்த தையல் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாய். "சுத்துது பாரு," என்றாய். தொட்டுப் பார்க்காமல் உனக்கு எதுவும் நம்பிக்கை வராது. தோமையாருக்குத் தங்கை என்று உன்னைக் கேலி செய்வேன்.

நம் பங்குக் கோயிலின் நீதி அமைதிக் குழுவில் நீ கன்னடக்காரி, நான் தமிழச்சி. கார்மெண்ட்ஸ் பெண்களின் சம்பளம், குடிசை இடிப்பு என்று அதுவரை வெளியாட்களோடு மல்லுக்கட்டியே பழகியவர்கள் நாம். நமக்குள்ளேயே விரிசல் வந்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மெழுகுவத்தி ஊர்வலம் போகலாம் என்றார்கள். "பக்கத்துல உக்காரவே பயப்படுறோம், ஊர்வலம் எதுக்கு?" என்று கேட்டவள் நீ. அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஒரு ஞாயிறு கன்னடக்காரர்கள் தமிழ்ப் பூசைக்கு வருவது, அடுத்த ஞாயிறு நாங்கள் கன்னடப் பூசைக்குப் போவது. தமிழ் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தோம். யார் மன்றாடி முடித்தாலும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் வந்த முதல் தமிழ்ப் பூசையில், யார் வேண்டுமானாலும் மைக்கிடம் வந்து மன்றாடலாம் என்றார் ஃபாதர். நோயாளிகளுக்காக ஒருவர், வேலை இல்லாதவர்களுக்காக ஒருவர். பிறகு அருளம்மா அக்கா எழுந்து போனார். குரல் நடுங்கவே இல்லை. "என் கடைக்குத் தீ வச்ச கை வெந்து போகணும் ஆண்டவரே."

கோயிலே திரண்டு பதில் சொன்னது. பழக்கதோஷத்தில் நாங்கள் சொன்னோம். பொருள் தெரியாத கன்னடக்காரர்கள் எங்களைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் தமிழ்ப் பக்கம் சில்லிட்டுப் போயிற்று. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் நீயும் சொன்னாய், என் காதால் கேட்டேன்.

பூசை முடிந்ததும் நேரே அக்காவிடம் போனாய். "அக்கா, நீங்க கேட்டதுக்கு நானும் பதில் சொல்லிட்டேன். கடைக்கு வந்த கூட்டத்துல என் தம்பியும் இருந்தான்."

எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன்தான் வச்சானா?"

"கொத்தில்ல... தெரியல அக்கா. கேட்டா பேசமாட்டேங்கிறான்."

"கேட்டுட்டு வா," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். சொந்த ஊரான தர்மபுரிக்கே திரும்பிவிட மூட்டை கட்டி வைத்திருந்தவர்.

அன்று வீட்டில் தம்பியிடம் எப்படிக் கேட்டாய்? அவன் என்னதான் சொன்னான்? எத்தனை முறை வாயைக் கிண்டியிருப்பேன். உலகத்தையே குடைந்து கேட்கிறவள், என் கேள்விக்கு மட்டும் "டீ ஆறுது, குடி" என்பாய். எனக்குத் தெரிந்ததெல்லாம், சில நாள் கழித்து அவன் அந்தத் தையல் கடை வாசலில் வந்து நின்றதுதான். அக்கா இருப்பாரா போவாரா என்று தெரியாமலே நம் குழு கூரைக்குத் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தது. அவன் அவரிடம் மெல்ல ஏதோ சொன்னான். அவர் தகரத்தைக் காட்டி, "அந்தப் பக்கம் பிடி," என்றார். மூட்டையைப் பிரித்துவிட்டார். மனம் ஆறியதா என்பதை மட்டும் நான் கேட்கவில்லை, அந்தத் துணிச்சல் உனக்குத்தான் உண்டு.

அன்றிலிருந்து யார் மன்றாடினாலும் முழுக்கக் காதில் வாங்கி, சம்மதம் என்றால்தான் பதில் சொல்கிறேன். எல்லோரும் முடித்த பிறகு என் குரல் தனியாக வரும். திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உன் அடக்கப் பூசையில் தம்பி மைக்கிடம் வந்தான். "எங்க அக்கா..." என்று தமிழில் தொடங்கினான். அதற்கு மேல் வரவில்லை. கோயில் காத்திருந்தது. பின்வரிசையில் அருளம்மா அக்கா எழுந்து நின்று, அந்த முடியாத மன்றாட்டுக்குத் தனியாகப் பதில் சொன்னார். நானும் உடனே சேர்ந்துகொண்டேன், எதற்கென்று கேட்காமலே.