கொடையாளர் பட்டியலில் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் தொண்டு நிறுவனத்துக்குப் புது இயக்குநர் வந்திருக்கிறார். நன்கொடை திரட்டுவது ஒரு பிரிவின் வேலையல்லவாம், டிரைவர் வரை எல்லோருடைய பண்பாடாம். ஆளுக்கொரு தாராள மனசுக்காரரின் பெயரைக் கேட்டார். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் கீழ்வீட்டுக்காரர் மட்டும்தான். அவரும் என் செருப்புச் சத்தத்தைக் குறை சொல்லத்தான் கதவைத் தட்டுவார். ஆகவே உங்கள் பெயரை எழுதி, ‘கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை’ என்றும் சேர்த்தேன். அது பொய்யில்லை. யாரும் கேட்பதற்குள் நீங்கள் போனை வைத்துவிடுவீர்களே!

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "அப்பாகிட்ட நானே பேசறேன்மா" என்றார். பக்கத்து மேசை அக்கா, "உன் வேலை நிரந்தரமாகுறது இனி உங்கப்பா கையிலதான், தங்கச்சி" என்று சிரித்தார். எனக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

தெரியாத எண் வந்தால் "யாருய்யா நீ, வை போனை" என்று சொல்லிவிடாதீர்கள். எதுவும் தர வேண்டாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் போதும்.

கூட்டம் தொடங்கிவிட்டது, ஓடுகிறேன். அவர் பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடுங்கள். அவர் பேசாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்