கிரஷர் ஓடாத நாளின் கையெழுத்து

18-11-2025, செவ்வாய்.
காலை 6.40. நூம்பல் சாலையில் பெயர்ந்து கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கி, எங்கள் தெருப் பால்காரர் ஜஸ்டின் இறந்தார். 14-10-2024 அன்று போட்ட சாலை. போன மழைக்குத் தாங்கிற்று. இந்த மழைக்குத் தாங்கவில்லை. எங்கள் குவாரிக் கல். தரம் சோதித்துக் கையெழுத்திடுபவனாக அங்கே இருந்தவன் நான்.

19-11-2025, புதன்.
பாக்கெட் பால்.

21-11-2025, வெள்ளி.
தார் கலக்கும் ஆலையில் சூடு பார்த்த உத்தமன் மேல் பழி. தாரைக் கருக்கிவிட்டானாம். கல்லைப் பற்றி எவரும் கேட்கவில்லை. என் சோதனைத் தாள் இருக்கிறதே! மாலை வந்து அழுதான்.
"சூடு கரீட்டாதான் சார் வெச்சேன். கல்லு மேல மண்ணு இருந்தாதான் தாரு ஒட்டாது. ஆனா அது நீங்க பாத்து உட்ட கல்லாச்சே. அப்பால இன்னா சார் ஆயிருக்கும்?"
காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

22-11-2025, சனி.
சென்ற ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "11-10-2024, வெள்ளி. ஆயுத பூஜை. கல்லுடைக்கும் கிரஷருக்குச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். இயந்திரம் ஓடவில்லை. சோதனை ஏதும் இல்லை."
எழுதாமல் விட்டது: மேலாளர் ரவிச்சந்திரன் பொரியோடு, கல் சுத்தம் என்று எழுதிய சோதனைத் தாளையும் நீட்டினார். "மழைக்கு முன்ன ரோடு முடியணும் சார். நேத்து தேதி போட்டு ஒரு கையெழுத்து." மண் படிந்த, கழுவாத கல். நேற்றைய தேதி போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். தேதியில் பொய் எழுதாதவன் என்ற கர்வம். கல்லைப் பத்திப் பொய் எழுதினியே, அது? என்ன மனுஷன்டா நீ!

24-11-2025, திங்கள்.
காவல் நிலையம் போகச் சட்டை மாற்றிக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன்.

26-11-2025, புதன்.
உத்தமனைக் கைது செய்துவிட்டார்கள்.

27-11-2025, வியாழன்.
இதைத் தனித்தாளில் எழுதுகிறேன். நான் கொண்டுபோய்க் கொடுத்த இரண்டு ஆண்டு நாட்குறிப்புகளையும் விசாரணை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். நாளையும் வரச் சொல்லியிருக்கிறார். காவல் நிலையத்துக்கு வெளியே உத்தமனின் மனைவி அன்னம்மாள் நின்றிருந்தார்.
"உன் ஊட்டாண்ட வந்து அயுதாரே எங்க ஊட்டுக்காரரு! ஒரு வாரமா வாயில இன்னா சார் வெச்சிகினு இருந்தே?"
ஆறு நாள்தான். திருத்த வாயெடுத்தேன்.
திருத்தவில்லை.