கேட்டில் நின்ற பதிலாள்

படாளம்,
3 ஜூன் 2024

அன்பு மகன் ஜான்சனுக்கு,

நைனா சொல்லச் சொல்ல, நூறு நாள் வேலையில் பேர் எழுதும் சகுந்தலா எழுதுகிறாள். கர்த்தர் கிருபையில் நானும் மாடும் சுகம். போன் மணி அடித்தால் எடுக்கவே முடியவில்லை என்றாயே, அதனால் இனிமேல் காகிதம்தான்.

போன வாரம் கேளம்பாக்கத்துக்கு வந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். ஆபீசுக்குப் போக முடியவில்லை, டாக்டர் மனச்சோர்வு நோய் என்கிறார் என்றாய். அங்கிருந்து நான் நேரே ஊருக்கு வரவில்லை. உன் கம்பெனிக்குப் போனேன்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். நடவுக்குப் பேர் கொடுத்தவர் படுத்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருத்தர் சேற்றில் இறங்கணும். இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். உன்னைப் பெற்ற அன்று உன் அம்மா செங்கம்மாள் வரிசையில் நான்தான் நட்டேன். பொம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கேட்டில் செக்யூரிட்டி கேட்டான். "இன்னா பெருசு, யாரப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வர்ல. எம்புள்ள ஜான்சனுக்கு மனசுல நோவு. அவனுக்குப் பதிலா நான் வந்துகீறேன். பெருக்கறதோ, தண்ணி சொமக்கறதோ, எதுன்னாலும் குடு. அவன் எடத்த மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

ரோகிணி என்ற அம்மா இறங்கி வந்து, எல்லாம் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். இடம் பத்திரம். நீ தூங்கு.

உன் நைனா,
தாவீது (கைநாட்டு)


கேளம்பாக்கம்,
10 ஜூன் 2024

நைனாவுக்கு,

சகுந்தலா அக்கா, இதை மெழுகாமல் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

ஆபீசில் மஞ்சள்காமாலை என்றுதான் சொல்லியிருந்தேன். ரோகிணி என் மேலாளர். இனி அங்கே நான் பைத்தியம். இருக்கிற வேலையும் போய்விடும்.

இதற்கு நீங்கள் பதிலாள் நிற்க முடியாது, நைனா. காலையில் பல் துலக்கணும் என்று நினைக்கிறேன். அந்த நினைப்புக்கும் கைக்கும் நடுவில் ஓர் ஏரி கிடக்கிறது. தாண்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது. கம்ப்யூட்டரில் ஒரு வரியை முடிப்பதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகிறது. துக்கம்கூட இல்லை. காரணமும் இல்லை.

எனக்காக எங்கேயும் போகாதீர்கள். எழுதவும் வேண்டாம்.

ஜான்சன்


படாளம்,
18 ஜூன் 2024

அன்பு மகனுக்கு,

மெழுகாமல்தான் படித்தாள். எழுத வேண்டாம் என்ற இடத்தில் மூக்கைச் சிந்தினாள். ஜலதோஷமாம்.

காமாலை என்று நீ சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையில் கீழாநெல்லியோடு போயிருப்பேன்.

சுனாமி அன்று லாரியில் சவுக்குக் கட்டை ஏற்ற மகாபலிபுரம் போயிருந்தேன். கடல் பின்னால் போய், அதுவரை நான் பார்த்திராத பாறையெல்லாம் எழுந்து நின்றது. ஓடணும் என்பதே மறந்துபோச்சு. உன் காகிதத்தைக் கேட்டபோதும் அப்படித்தான் நின்றேன். பல் துலக்க ஓர் ஏரியைத் தாண்டுகிறவன், இத்தனை மாதம் ஷேர் ஆட்டோ ஏறி ஆபீசு போயிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்து உட்கார்ந்து சிரித்திருக்கிறான். எந்தப் பலத்தில் என்று எனக்கு விளங்கவே இல்லை. நான் மூட்டை தூக்கினவன். அந்தப் பலம் என்னிடம் இல்லை. அந்த இடத்தில் என்னால் இறங்க முடியாதுதான்.

கோபம் இருக்கட்டும். மாத்திரையை விடாதே.

தாவீது


கேளம்பாக்கம்,
22 ஜூலை 2024

அன்புள்ள நைனாவுக்கு,

ரோகிணி மேடம் என் அறைக்கே வந்தார். "அப்பா சொன்னது நிஜமா, ஜான்சன்?" என்றார். ஆமாம் என்றேன். ஆபீஸ் ஆள் ஒருவரிடம் நோயை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. இப்போதைக்கு அரை நாள் வந்தால் போதும் என்றார். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்று போனேன். "உங்க நைனாவையே எடுத்துக்கலாம்னு இருந்தோம், நீ வந்துட்ட" என்றார் செக்யூரிட்டி. பக்கத்து மேசை ரமேஷ், "காமாலை மண்டைக்கு ஏறிடுச்சா மச்சான்?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன். கை நான் சொன்னதைக் கேட்டது. பிறகு மேசையில் தலை சாய்த்துவிட்டேன். வேலை நிலைக்குமா தெரியாது. நாளைக்கு எழுந்திருப்பேனா என்பதும் தெரியாது.

எழுதுங்கள்.

உங்கள் ஜான்சன்


படாளம்,
27 ஜூலை 2024

அன்பு மகனுக்கு,

காகிதம் வந்தது. ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன் என்ற வரி வந்ததும், "இரு புள்ள, மேல போவாத" என்று சகுந்தலாவை நிறுத்தினேன். இன்னொரு தரம் அதையே படித்தாள். மாடு தண்ணிக்குக் கத்தியது, கத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாயோ, நாளைக்குக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு இவ்வளவுதான் தாங்கும்.

நைனா