வானத்தில் ஓர் உபயம்

ஜூலை 13, வெள்ளி இரவு

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரகடம் தொழிற்சாலைக்கு வந்திருக்கும் இத்தாலிய என்ஜினீயர் எங்கள் பள்ளிக்கு ஒரு படம் கொடுத்திருந்தார். அவர் நாட்டு ஓவியர் ஒருவர் கல்லில் வரைந்து அச்செடுத்த நகரக் காட்சி. கட்டடங்களின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். மழையில் நடப்பவர்கள் மட்டும் கிட்டே போனால் வெறும் கறை. தள்ளி நின்றால் குடை பிடித்து அவசரமாகப் போகிறார்கள். தினமும் மதிய இடைவேளையில் அதன் முன்தான் நிற்பேன்.

ஃப்ரேம் போட்டுத் தந்த கான்ட்ராக்டரின் பெயரை எழுத இன்று பெயின்டர் அண்ணன் வந்தார். ஃப்ரேமின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தின் வானத்திலேயே சிவப்பு எனாமலில் ‘உபயம்’ என்று ஆரம்பித்தார்.

“அண்ணா, கண்ணாடி மேல எழுதக்கூடாதா?” என்றேன்.

“கண்ணாடில எழுதுனா தொடைக்கத் தொடைக்கப் பூடும் பாப்பா. அப்பால கான்ட்ராக்டரு என்னைத்தான் கேப்பாரு.”

தலைமையாசிரியரிடம் ஓடினேன். “வானம் சும்மாதானம்மா கெடக்குது,” என்றார். “நீ போயி திங்கக்கிழமை ஸ்பீச்சப் படி.”

சிவப்பு வழிந்து இரண்டு குடைகளை மூடிவிட்டது. இரவு சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அந்த என்ஜினீயர் வருகிறார். படத்தின் பக்கத்தில் நின்று நன்றி சொல்ல வேண்டியவள் நான். ‘இதைப் பத்திரமாகப் பாதுகாப்போம்’ என்ற வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் ‘மன்னியுங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். மேடையில் இதைச் சொன்னால் தலைமையாசிரியர்... இருக்கட்டும், இதை அடிக்கப்போவதில்லை.

அப்பாவுக்குக் காலை ஷிப்ட். விளக்கை அணைக்கச் சொல்கிறார்.