வேலுவுக்கு அடிக்காத கொட்டு

இன்று காலை பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியாகத் தோல் காயும் வாடை வந்தது. சருகைக் கூட்டி நெருப்பு மூட்டி, தப்புப் பறையை அதன்மேல் பிடித்துச் சூடு காட்டும்போது மயிர் கருகினாற்போல ஒரு வாடை வருமே, அதேதான். பெண் பிள்ளைகளின் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டிருந்தவள், ஊசியை வைத்துவிட்டு எழுந்து பார்த்தேன். சாத்திக் கிடக்கும் உன் கடைக்கு நேர் எதிரே, தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தப்புக்காரர்கள் குந்தியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததை நினைக்கும் இந்த நாளில் தப்பே கூடாதென்று ஊர்க் கமிட்டி தீர்மானித்திருந்தது. பிறகு இவர்கள் எப்படி வந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

உனக்கு அந்த வாடை பிடிக்காது. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, ஆனாலும் வெளியே வந்து நின்று பார்ப்பாய். இன்று நீ வரவில்லை. நீ இறந்துபோன ஐப்பசி மாதம் இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் எனக்குப் பைத்தியம் என்பார்கள். நீயும் அதைத்தான் சொல்லுவாய், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுவாய்.

ஒரே கடைத்தெருவில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். என் அப்பா என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார், உன் அப்பா உன்னை எதிர்ச் சரக்குக் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார். நான் கல்லூரிப் படிப்போடு திரும்பி வந்தபோது, நீ இடுப்பில் வேலுவோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தாய். "படிச்சு என்னடி கொண்டாந்த?" என்று கேட்டாய். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "இவனுக்காவது ஏதாவது சொல்லிக் குடு" என்றாய்.

உன் கணவர் இறந்த பிறகும் கடையை நீ மூடவில்லை. வளர்ந்த வேலு திருச்சியில் தாத்தா வீட்டுக்குப் போனான். அங்கே ஜெர்மன் யுத்தப் படைக்கு ஆள் சேர்க்கிறவர்களோடு போய், சொல்லாமல் கொள்ளாமல் பாலைவனத்துப் பஸ்ராவுக்குக் கப்பலேறிவிட்டான். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. கோவேறு கழுதைகளுக்குத் தீனி அளந்து கொடுக்கிற வேலை. "கடைக்காரி மவனுக்கு வேற என்னடி தெரியும், அளக்கத்தான் தெரியும்" என்று தெருவெல்லாம் கேட்கச் சிரித்தாய். அதுதான் நீ அவனைப் பற்றிச் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு.

பெரகலச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மனிதர் ஒருவர், அதே கப்பலில் போய்த் திரும்பியவர், உன்னைத் தேடி வந்தார். நான் அப்போது கடையில் இருந்தேன். நீ யாருக்கோ மஞ்சள் நிறுத்துக்கொண்டிருந்தாய். "தலையில சூடு ஏறிருச்சிங்கம்மா. காய்ச்சல்ல போயிட்டாரு. நாங்கதான் மண்ணு தள்ளுனோம்" என்றார். நீ மஞ்சளை நிறுத்து முடித்தாய், பொட்டலம் கட்டினாய், வந்தவளிடம் கொடுத்து அனுப்பினாய். பிறகு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாய்.

"கொட்டு அடிச்சாங்களா?"

"அங்க ஏதுங்கம்மா கொட்டு? காத்துதான்."

கொட்டு இங்கேயாவது அடித்திருக்கலாம். உன் கணவரின் அண்ணன், நம் துணிக்கடை முதலாளி, விடவில்லை. அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "உடம்பும் வரல, எலும்பும் வரல. எதை வச்சு எழவு எடுக்குறது? கல்யாணம் முடியட்டும்மா, பாப்போம்" என்றார். கல்யாணம் முடிந்தது. "பழைய எழவை இப்ப எதுக்குக் கிளறுறது?" என்றார். ஒரே மனிதர், ஒரே வாய். நீ அவரோடு சண்டை பிடிக்காதது எனக்கு இன்றுவரை எரிச்சல். என்னிடம் மட்டும் சொன்னாய்: "கொட்டு இல்லாம போனவனை, போயிட்டான்னு எப்படிடி நம்புறது? வாசல்ல யாராவது நின்னா நிமிந்து பாக்குறேன்."

இனி கமிட்டிக்கு வருகிறேன். ஜெர்மன் யுத்தம் முடிந்த நாளை வருஷாவருஷம் பதுளையில் நடத்துவதற்கு ஒரு கமிட்டி. தலைவர், தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற வயதான வெள்ளைக்காரத் தொரை. முதலாளியும் அதில் உண்டு. அவர் இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கமிட்டியும் இல்லை. போன வருஷம் அவர் தப்புக்காரர்களுக்குத் திருவிழா அடி அடிக்கச் சொல்லி ஊர்வலம் விட்டார். உன் கடை வாசலுக்கு வந்ததும் இரண்டு பேர் ஆடவே தொடங்கினார்கள். நீ பட்டப்பகலில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி மூடினாய். உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொண்டு, "எம் மவன் செத்ததுக்கு ஊரு ஆடுது பாத்தியா" என்றாய்.

இந்த வருஷம் பிள்ளைகள் பாட வேண்டும் என்பதற்காக என்னையும் கமிட்டியில் சேர்த்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ வேற ஒண்ணும் பேச வேணாம். இது நல்லதா, கெட்டதான்னு மட்டும் கேளு. கெட்டதுன்னு ஊரு ஒத்துக்கிட்டா, சாவுக் கொட்டு அடிச்சே ஆவணும். அது எம் மவனுக்கும் சேரும்ல?"

எவ்வளவு சின்னக் கேள்வி. கேட்பதற்குள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். முதல் கூட்டம் முழுவதும் நாற்காலிகளைப் பற்றி. எந்தத் தொரைசாணிக்குப் பக்கத்தில் எந்தத் தொரைசாணி உட்காரக் கூடாது என்பதைத் தீர்மானிப்பதற்குள் இருட்டிவிட்டது. அடுத்த கூட்டத்தில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சா, முட்டை சாண்ட்விச்சா என்று பேசினார்கள். அதற்கடுத்ததில் முதலாளி வாணவேடிக்கை வேண்டுமென்று எழுந்தார். தீபாவளிக்கு வாங்கிய பட்டாசில் பாதி அவர் கடையில் தேங்கிக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். செத்தவர்களுக்கான இரண்டு நிமிஷ மௌனத்துக்கு முன்னாலா, பின்னாலா பட்டாசு என்று அரைமணி நேரம் வாதம். படித்தவர்கள், பணக்காரர்கள், தொப்பி போட்டவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் கேட்டுவிட்டேன். அன்று தப்புக்காரப் பெரியவரையும் வராந்தாவுக்கு வரவழைத்திருந்தார்கள். "நாம் நடத்தப்போவது நல்ல காரியமா, கெட்ட காரியமா?" என்று தமிழில் கேட்டு, தொரைக்காக இங்கிலீஷிலும் சொன்னேன்.

முதலாளி முந்திக்கொண்டார். "காலையில கொஞ்சம் கெட்டது. மத்தியானத்துக்கு மேல நல்லது. நடுவுல டீ."

"அப்படி ஒரு காரியம் உண்டுங்களா முதலாளி?" என்றார் பெரியவர் வாசலில் நின்றபடி. "ரெண்டுக்கும் அடி வேறங்க. கல்யாணத்துக்கு அடிக்கிறதா, எழவுக்கு அடிக்கிறதா? ஒண்ணச் சொல்லுங்க, அடிச்சிட்டுப் போறோம்."

அந்த அறையில் இருந்த ஒவ்வொரு தமிழருக்கும் இரண்டு அடியும் தெரியும். பிறந்தது முதல் கேட்டது. ஆனால் எல்லோரும் குனிந்து கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார்கள். முதலாளி மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கெட்டது என்று அவர் சொன்னால், தம்பி மகனுக்கு ஏன் அடிக்கவில்லை என்ற கேள்வி கூடவே வரும் என்று அவருக்குத் தெரியாதா?

தொரை மட்டும், தோட்டத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் தப்பை நினைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் வழி சொன்னார். "நீ பெரட்டுத் தப்பு அடி. எல்லா ஆளும் ஓடி வரும்."

"பெரட்டுத் தப்பு கேட்டா சனம் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தாங்க தொரை ஓடும்" என்றார் பெரியவர்.

வராந்தாவில் யாரோ சிரித்துவிட்டார்கள். தொரைக்கு முகம் சிவந்தது. தீர்மானம் உடனே நிறைவேறியது: தப்பே வேண்டாம், தியத்தலாவைப் பட்டாள முகாமிலிருந்து கொம்பு ஊதுகிறவரை வரவழைத்துக்கொள்ளலாம். முதலாளி முதல் ஆளாகக் கை தூக்கினார்.

நான் உன்னிடம் வந்து சொன்னபோது நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். சிரித்தாய், சிரிப்பு இருமலாக மாறியது. "கேட்டுட்டு வாடின்னு அனுப்புனா, இருந்த கொட்டையும் நிறுத்திட்டு வந்திருக்கியே டீச்சரு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ என் முழங்கையைத் தட்டி, "விடு. அடுத்த வருசம் கேளு" என்றாய். அடுத்த வருஷத்துக்கு இருக்கப்போகிறவள் மாதிரி சொன்னாய். அந்த வாரமே மார்ச்சளி கண்டு போய்விட்டாய். உனக்கு மட்டும் முதலாளி ஒரு குறையும் வைக்கவில்லை. தப்பு, பூப்பல்லக்கு, எல்லாம். ஊர் பார்க்கிறதல்லவா? உனக்கு அடித்த கொட்டைக் கேட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றபோது, உன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. உனக்கு வேண்டாததெல்லாம் கிடைத்தது, நீ கேட்ட ஒன்று கிடைக்கவில்லை. அதை என் தலையில் கட்டிவிட்டுப் பல்லக்கில் ஏறிப் போனாய்.

இன்று காலை நடந்ததற்கு வருகிறேன். கொம்பு ஊதுகிறவர் தெமோதரை ஸ்டேஷனில் வந்து இறங்கியிருக்கிறார். அங்கிருந்து வரும் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. செய்தி வந்ததும் முதலாளிக்குக் கை கால் ஓடவில்லை. பதினொரு மணிக்கு ஒரு சத்தம் வேண்டும், சத்தம் நின்றால்தான் மௌனம் தொடங்கியது ஊருக்குத் தெரியும். அவரே ஸ்பிரிங்வெளிக்கு வண்டி அனுப்பினார். என்ன அடி என்று சொல்லி அனுப்பினாரா? இல்லை. சொல்ல மாட்டார்.

தப்புக்காரப் பெரியவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றார். தலையில் சாக்கு, தோளில் தப்பு.

"டீச்சரம்மா, மொதலாளியக் கேட்டா தொரையக் கேளுங்கிறாரு. தொரையக் கேட்டா சத்தமா அடிங்கிறாரு. அன்னைக்கு நீங்கதான் கேட்டீங்க. நீங்களே சொல்லிருங்க. நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"கெட்டது" என்றேன்.

அவர் தலையாட்டினார். "யாருக்குன்னு அடிக்கிறது? பேரு வேணுங்களே."

"வேலு. எதிர்க் கடைக்காரம்மாவின் மகன்."

"அந்தம்மாவுக்கு நாங்கதாங்க அடிச்சோம்" என்றார். தலைச் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு நெருப்புக்குத் திரும்பிப் போனார்.

உன் கடைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டுப் போய், நடுப்பலகையை மட்டும் கழற்றி வைத்தேன். உள்ளே மஞ்சள் வாசம் அப்படியே இருந்தது.

பதினொரு மணிக்குச் சற்று முன் அடி தொடங்கியது. முதல் அடியிலேயே தெருவில் இருந்த சனம் மாறிவிட்டது. வேடிக்கை பார்க்கத் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வந்திருந்த பெண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். ஆண்கள் பீடியைக் கீழே போட்டார்கள். மேடையில் தொரை மட்டும், ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்கிற முகத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தூக்கியதும் தப்பு நின்றது. மௌனம் தொடங்க வேண்டும்.

சாவுக் கொட்டு நின்றால் நம் பெண்கள் என்ன செய்வார்கள் என்று அந்தக் கமிட்டியில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா? கொட்டு நின்ற இடத்தில் ஒப்பாரி எழுந்தது. முதலில் ஒருத்தி, பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். யார் யாரை நினைத்து அழுதார்களோ. தொரை உதட்டில் விரல் வைத்துக் காட்டினார், யாரும் அவரைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்த ஒப்பாரியில் ஒரு வரி என் காதில் விழுந்தது. "எந்த மண்ணு மூடுச்சோ, எங்கண்ணு வேலு." நான் தப்புக்காரரிடம் சொன்ன பெயர் எப்படியோ பாடியவளிடம் போயிருந்தது. அவள் வேலுவைப் பார்த்ததே இல்லை. தூக்கி வளர்த்த நான், ரிப்பன் குத்திய பிள்ளைகளுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றேன். படிப்பு இதற்கு உதவவில்லை.

முதலாளி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மழைக்காக என்று பிறகு சொல்லிக்கொள்வார். கொட்டும் மழையில் யாராவது தலைப்பாகையைக் கழற்றுவார்களா?

எல்லாம் முடிந்ததும் தொரை குடையோடு என்னிடம் வந்தார். மௌனம் சரியாக அனுஷ்டிக்கப்படவில்லை என்று வருத்தப்பட்டார். அடுத்த வருஷம் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு இப்போதே ஒரு கூட்டம் போடலாம் என்றார். வருகிறேன் என்று சொன்னேன்.

சாயங்காலம் உன் கடைக்குப் போய்ப் பலகையைத் திரும்பப் பொருத்தினேன். பொருத்தும்போது வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. இனி நீ நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. அவன் போய்விட்டான். ஊர் கேட்டது, நானும் கேட்டேன்.

ஆனால் உன் கேள்வியை நான் இறக்கி வைக்கவில்லை. கமிட்டிக்கு முதல் ஆளாகப் போய் உட்காருவேன். நாற்காலிப் பேச்சு தொடங்குமுன், சாண்ட்விச் வருமுன், முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து, நல்லதா கெட்டதா என்று கேட்பேன். பதில் எனக்குத் தெரியும். அது அவர் வாயால் வர வேண்டும்.