வடக்கு முனை தீவா?

நூக், 9 பிப்ரவரி 1987

அன்புத் தம்பி காவிகாக்,

வானொலியில் சேதி சொன்னால் போதாதா என்பவன் நீ. கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதைப் பொறுத்துக்கொள்.

வரைபட அலுவலகத்தில் சேர்ந்துவிட்டேன். நம் வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கொடுத்த முதல் வேலையே நம் வடக்கு முனைதான். எழுபது ஆண்டுக்கு முன் வந்த கப்பல் தலைவர் அதைத் தீவென்று வரைந்திருக்கிறார். விமானப் படத்திலோ அங்கே ஒரே மேகம். சரிபார்க்காவிட்டால் மே மாதம் தீவாகவே அச்சாகிவிடும். நீ போயிருக்கிறாயே, அது தீவா?

உறையைப் பார்த்த டென்மார்க் அதிகாரி, "தாய்மாமன்னு சொன்னே, தம்பின்னு எழுதியிருக்கே?" என்றார். இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் அவரே திரும்பி வந்ததாக எண்ணுவது நம் வழக்கம் என்று அவருக்கு எங்கே தெரியும்? இறந்துபோன உன் அண்ணனின் பெயரைத் தாங்குகிறவள் வேறெப்படி எழுதுவாள்?

அண்ணன்,
இமினா


சியோராபலுக், 2 மார்ச்

அண்ணா,

நீ போன எடத்தையே என்கிட்ட கேக்குற. படிச்சுப் படிச்சு மறந்துட்டியா?

தீவு இல்ல. கப்பல்காரர் தோலைப் போத்திக்கிட்டு நாய்வண்டியில தூங்கிட்டே வந்திருப்பாரு. நடுவுல தாழ்வான நெலம், பனி மூடினா கடல் மாதிரியே கெடக்கும். ஆனா கடல்பனின்னா தண்ணி பொங்கி வத்துற ஓதத்துல ஏறி எறங்கும்ல, கரையோரம் விரிசல் விட்டிருக்கும். அங்க விரிசலே கெடையாது. நாயக் கேட்டாலே சொல்லும்.

அதுக்கு மேல கேக்காத. நீ அங்க ஒடஞ்ச பனிப்பாளத்தோட கடலுக்குப் போயித் திரும்பாத வருஷத்துக்கப்புறம் நான் அந்தப் பக்கம் வண்டியத் திருப்பினதில்ல.

புளிக்க வச்ச பறவைக் கறி அனுப்புறேன். ஆபீசுல தெறந்து வேலைய விட்டுடாத.

தம்பி,
காவிகாக்


நூக், 20 மார்ச்

அன்புத் தம்பி,

கறியைப் பால்கனியில் திறந்தேன். மேல்வீட்டுக்காரி படாரென்று ஜன்னலைச் சாத்தினாள். பிறகு தட்டோடு இறங்கி வந்தாள்.

நீ சொன்னதை அதிகாரியிடம் சொன்னேன். "நம்ம ஆள் யாராவது அங்க நின்னு பாத்திருக்கணும்" என்றார். வாய் திறந்து பேசாத நான், "நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏப்ரலில் வருகிறேன். வேறு வேட்டைக்காரர்கள் கூட்டிப்போகத் தயார். இன்னும் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

பிறந்ததிலிருந்து ஊரே என்னை அங்கே போனவன் என்கிறது. நானோ அந்தக் கரையை வரைபடத்தில் தவிரப் பார்த்ததே இல்லை. அண்ணனாகச் சொன்னால் உன்னால் மறுக்க முடியாது. அதனால் அப்படிச் சொல்லப்போவதில்லை.

மாமா, என்னை அங்கே நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

உங்கள் மருமகள்,
இமினா